இலோகோஸ் பயணம்: ஜாடி, உரல், விரல் கத்தி

செவ்வாய், விகன்

மணிலாவிலிருந்து இரவுப் பேருந்து, வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். விடியும்போது ஜன்னலுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொர்டிலெரா மலை. நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் சமவெளிதான் இலோகோஸ். நிலம் குறைவு, ஆள் அதிகம். 1906-இல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய முதல் பிலிப்பினோக்கள் 15 பேரும் இந்தப் பகுதிக்காரர்கள்தான். இலோகானோக்கள் கஞ்சர்கள் என்று மற்ற பிலிப்பினோக்கள் கேலி பேசுவதுண்டு. எனக்கு அந்தக் கஞ்சத்தனத்தால் லாபம்தான். எதையும் சட்டென்று தூக்கி எறியாத ஊரில்தானே பழைய சாமான் பார்க்கக் கிடைக்கும்.

விகனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிரிசோலோகோ தெருவில் குதிரை வண்டியேறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம், அழகுக்குக் குறைவில்லை. நான் அந்தத் தெருவைக் காலை நடையோடு முடித்துக்கொண்டு பகுபுர்நாயன் பக்கம் போய்விட்டேன். புர்நாய் ஜாடி செய்யும் சூளைகள் அங்கேதான் இருக்கின்றன.

நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எருமை. சேற்று மண்ணில் வட்டமாக நடந்துகொண்டே இருக்கிறது. மண்ணை மிதித்துப் பதப்படுத்துவது அதன் வேலை. இலோகானோவில் எருமைக்கு நுவாங் என்று பெயர். எந்திரம் போடலாமே என்றேன். ஒரு மனோங் சிரித்தார். (இங்கே அண்ணன் முறையில் யாரையும் மனோங் என்பார்கள், அக்கா முறை என்றால் மனாங்.) "எந்திரத்துக்கு டீசல் வேண்டும், இதற்குப் புல் போதும்" என்றார். கஞ்சத்தனம் என்று சொல்லப்படுவது இதுதான் போல.

சக்கரத்தில் ஒருவர் ஜாடி வனைகிறார், இன்னொருவர் காலால் சக்கரத்தைத் தள்ளுகிறார். கழுத்து குறுகி, வயிறு பருத்து, இடுப்புயரம் வரை ஜாடிகள். பின்னால் சரிவில் மேலேறிப் போகும் நீண்ட செங்கல் சூளை. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் கொண்டுவந்த முறை இது. கீழ்முனையில் மூட்டும் தீ சரிவில் தானாக மேலே இழுத்துக்கொண்டு போகும். அந்த வெப்பத்தில் மண் இறுகிக் கல்லாகிவிடுகிறது. நீர் கசியாது, புளிப்பும் உப்பும் அரிக்காது.

ஜாடியின் முழு ஜாதகமும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. இலோகோஸ் சமையலுக்கு அடிப்படை மூன்று: உப்பில் ஊறி நொதித்த மீனான புக்குவோங், கரும்புச் சாற்றில் செய்த காடி, கரும்பு மதுவான பாஸி. மூன்றும் மாதக்கணக்கில் ஊற வேண்டியவை. இரும்புப் பாத்திரத்தை உப்பும் காடியும் தின்றுவிடும். பிளாஸ்டிக் டிரம் வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஜாடி வாங்க வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் நின்றிருந்த நேரத்திலும் ஒரு வண்டியில் ஏற்றினார்கள், ஜாடிக்கு ஜாடி நடுவே வைக்கோல் திணித்து.

புதன், விகன், சான் இல்டெஃபோன்சோ

ஜாடிக்குள் இருப்பதற்காக ஒரு போரே நடந்திருக்கிறது. 1786-இல் ஸ்பானிய அரசு மது உற்பத்தியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டில் பாஸி காய்ச்சுவதைத் தடை செய்தது. சொந்தக் கரும்பில் செய்த மதுவை அரசுக் கடையில் காசு கொடுத்து வாங்கிக் குடி என்றால் யார் பொறுப்பார்கள்? 1807 செப்டம்பர் 16-இல் வடக்கே பித்திக் ஊரில் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் தெற்கே விகனை நோக்கி வந்தார்கள். செப்டம்பர் 28-இல் பந்தாவாய் ஆற்றங்கரையில் அவர்களை முறியடித்துவிட்டது அரசுப் படை.

இதை எஸ்தெபான் வில்யானுவேவா என்ற விகன் ஓவியர் 1821-இல் 14 படங்களாக வரைந்தார். தேசிய அருங்காட்சியகத்தின் இலோகோஸ் கிளையில் பார்த்தேன். ஆட்கள் எல்லோரும் வரிசை வரிசையாகப் பொம்மை மாதிரி நிற்கிறார்கள், வானத்தில் வால்நட்சத்திரம், கடைசியில் தூக்கும் தலை வெட்டும். படங்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஓவியத்தில் நுணுக்கம் குறைவு என்பார்கள். இருக்கட்டும், யார் எங்கே நின்றார்கள் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சரித்திரப் புத்தகத்தை நான் படித்ததில்லை.

அந்த ஆறு ஓடுவது சான் இல்டெஃபோன்சோவில். இன்றைக்கும் அந்த ஊரில் பாஸி செய்கிறார்கள். மதியம் அங்கே போனேன். கரும்பு பிழியும் பருவம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக் கொல்லையில் தாதாபிலான் நின்றது. செங்குத்தாக நிற்கும் தடித்த மர உருளைகள், ஒன்றின் பல் மற்றொன்றில் பொருந்தும். மேலே நீண்ட வளைந்த கழி. அதன் நுனியில் எருமையைக் கட்டிச் சுற்ற விட்டால் உருளைகள் எதிரெதிராகத் திரும்பும், நடுவில் கரும்பைக் கொடுக்க வேண்டியதுதான். பல் எல்லாம் மரத்திலேயே செதுக்கியது. இரும்புக்காரர் உதவியில்லாமல் தச்சன் ஒருவனே முழுதும் செய்து முடிக்கக்கூடிய எந்திரம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது மோட்டாரில் ஓடும் இரும்பு உருளைதான் பிழிகிறது. மரத்தாலானது விருந்தினருக்குக் காட்ட.

சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி ஆறவைத்து, புர்நாய் ஜாடியில் ஊற்றி, சாமாக் மரத்தின் இலையும் பட்டையும், அரிசி மாவில் செய்த நொதியும் சேர்த்து வாயை மூடிவிடுகிறார்கள். சுவைக்கக் கொடுத்தார்கள். முதலில் இனிப்பு, பின்னால் சாமாக்கின் கசப்பும் துவர்ப்பும். ரொம்ப நாள் விட்டுவைத்தால் காடியாகிவிடும். அதுவும் வீணில்லை, சமையலறைக்குப் போய்விடும்.

வியாழன், விகனிலிருந்து லாவோக்

காலையில் விகன் ஓரத்துக் காமங்கான் சிற்றூரில் தறி பார்த்தேன். இலோகானோத் துணிக்கு ஆபெல் என்று பெயர், தறி பகாப்லான், நாடா சிகுவான். மிதிகட்டை நாலு, ஆறு என்று கூடக்கூட வடிவம் சிக்கலாகும். பினாகோல் என்றொரு வடிவம் உண்டு. கட்டங்கள் வீங்கியும் சுருங்கியும் கண்ணைச் சுழற்றும். சுழற்காற்றின் உருவம் என்கிறார்கள், தீய ஆவிகள் அதைப் பார்த்தால் வழி தவறிவிடுமாம். எனக்கே தலை சுற்றியது, ஆவியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

இந்தத் துணியைத்தான் ஸ்பானியர் வரியாக வாங்கி, மெக்சிகோவுக்குப் போன பெருங்கப்பல்களுக்குப் பாயாகக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பருத்தி விதைத்து, கொட்டை நீக்கி, நூற்று, நெய்வதெல்லாம் ஒரே வீட்டில். இன்று நூல் கடையிலிருந்து வருகிறது. அதனால் கொட்டை நீக்கும் மரக்கருவியும் நூற்கும் ராட்டையும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. தறி மட்டும் மிச்சம். பினிலி ஊரின் மக்தலேனா கமாயோ, 1924-இல் பிறந்தவர், நெசவுக்காகவே 2012-இல் நாட்டின் வாழும் கலைச் செல்வம் என்ற விருது பெற்றார். அதே ஆண்டு அதே விருதைப் பெற்ற இன்னொருவர், பக்கத்து அப்ரா மாகாணத்தின் தெயோஃபிலோ கார்சியா, சுரைக்காயில் தொப்பி செய்கிறவர். சுரையை முற்றவிட்டுக் குடைந்து காயவைத்து, உள்ளே பிரம்புச் சட்டம் கட்டி, மேலே மெருகு பூசுவார்கள். மழையில் நனையாது, வெயிலில் தலை சுடாது. வயலுக்குப் போகிறவர்களின் தொப்பி அது. இப்போது தலையில் பேஸ்பால் தொப்பி.

லாவோக்கில் இலோகோஸ் நோர்த்தே அருங்காட்சியகம் பழைய புகையிலைக் கிடங்கில் இருக்கிறது. கலப்பை, பரம்பு, மீன் கூடை, வீச்சுவலை எல்லாம் வரிசையாக, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் துடைத்த சாமான். இரண்டு சுற்று சுற்றினேன், நாளைக்கு அழுக்கான சாமான் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளி, சான் நிக்கோலாஸ்

மணிலாவில் என்னோடு வேலை செய்யும் நண்பருக்கு லாவோக் ஆற்றுக்கு இக்கரையில், சான் நிக்கோலாஸ் பக்கம் வீடு. இனி அங்கேதான் தங்கல். அவர் அம்மாவை எல்லோரும் அபோ என்று அழைக்கிறார்கள். மரியாதைக்குரிய பெரியவர்களுக்கான சொல். நானும் அப்படியே அழைத்தேன், அவருக்குப் பிடித்துவிட்டது.

சான் நிக்கோலாஸ் தாமிலி எனும் மட்பாண்டத்துக்குப் பேர்போனது. விகனில் பார்த்ததற்கு நேர் எதிர். அங்கே ஆண்கள், இங்கே பெரும்பாலும் பெண்கள். அங்கே சக்கரமும் சூளையும். இங்கே பானைக்குள் ஒரு கையால் கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருகிறார்கள். காய்ந்த பானைகளைத் திறந்த வெளியில் அடுக்கி, விறகும் வைக்கோலும் மூடிக் கொளுத்துகிறார்கள். அவ்வளவுதான் சூளை.

அப்படியானால் விகன்காரர்கள் முன்னேறியவர்கள், இவர்கள் பின்தங்கியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாக வெந்து இறுகிய ஜாடியை அடுப்பில் ஏற்றினால் படாரென்று வெடிக்கும். மணல் கலந்து, குறைந்த சூட்டில் வெந்த, உள்ளே நுண்துளைகள் விட்ட பானைதான் நெருப்பைத் தாங்கும். சோறாக்கும் பானையான பாங்கா, மூன்று குமிழோடு பானையைத் தாங்கும் மண் அடுப்பான தாலிகான், தண்ணீர்க் குடமான காராம்பா எல்லாம் அதனால்தான் இங்கே பிறக்கின்றன. குடத்தில் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் ஈரம்தான் தண்ணீரைக் குளிர்விக்கிறது. ஊறவைக்க விகன் ஜாடி, சமைக்க சான் நிக்கோலாஸ் பானை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

அபோவின் வீட்டில் உள்ளே காஸ் அடுப்பு, கொல்லையில் தாலிகான். இரவுக்குப் பினாக்பெட். கத்தரிக்காய், சிறு பாகற்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் பானையில் போட்டு புக்குவோங் ஊற்றினார். கிளற வேண்டாமா என்று கேட்டேன். "கரண்டி பட்டால் காய் குழையும்" என்று சொல்லிவிட்டு, பானையின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே புரண்டது. அகலமான அலுமினியச் சட்டியில் இந்தக் குலுக்கல் நடக்காது, காய் வெளியே வந்து விழும். பரிமாறத் தேங்காய்ச் சிரட்டை அகப்பை, அதற்கு அக்லோ என்று பெயர். புக்குவோங்கின் வாடை பற்றி முன்னெச்சரிக்கை தந்திருந்தார்கள். கருவாட்டில் வளர்ந்த மூக்குக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

சனி, வயல்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

மழைக்கால நெல் அறுவடை முடிகிற நேரம். பெரிய வயல்களில் கதிர் அறுக்கும் எந்திரம் வந்து போய்விட்டது. சின்னத் துண்டுகளில் கும்பாய் எனும் அரிவாள். நண்பரின் சித்தப்பா, ஊருக்கே மனோங், எங்களை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு மூலை நிலத்தில் திக்கெட் எனும் பசை அரிசி நெல் நின்றது. ஆள் மார்பு உயரம், சில கதிர் பழுத்தும் சில பச்சையாகவும்.

சட்டைப் பையிலிருந்து ராகெம் எடுத்தார். உள்ளங்கையில் மறைந்துவிடும் மரத்துண்டு, அதன் விளிம்பில் சிறிய தகட்டு அலகு. விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, பழுத்த கதிரின் தண்டை ஒரு விரலால் அலகுக்கு இழுத்தால் டக்கென்று ஒடிகிறது. ஒவ்வொரு கதிராக. இடது கையில் பிடி நிறைந்ததும் கட்டாகக் கட்டிவிடுகிறார். அதைப் பெத்தெக் என்கிறார்கள். அரிவாளோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். நானும் முயன்றேன். மனோங் ஒரு கட்டு முடிக்கும்போது என் கையில் பத்துக் கதிர்கூட இல்லை.

இப்படி ஏன் மெனக்கெட வேண்டும்? பழைய நெல் வகைகள் ஒரே நாளில் பழுக்காது. அரிவாள் போட்டால் பச்சைக் கதிரும் சேர்ந்து போகும். ராகெம் பழுத்ததை மட்டும் எடுக்கும், மற்றது நின்று பழுக்கும். தாள் வயலிலேயே நிற்கும், எருமை மேயும். கதிரோடு கட்டிய நெல் காய்ந்ததும் சாருசார் எனும் களஞ்சியத்துக்குப் போகும். மணியாக உதிர்க்காமல் கட்டாகவே அடுக்குவார்கள். அன்றன்றைக்கு வேண்டிய கட்டை எடுத்து உரலில் போட்டுக் குத்துவார்கள். உரல் அல்சோங், உலக்கை அல்ஓ. குத்தியதை பிகாவ் எனும் முறத்தில் புடைத்து, யகாயாக் எனும் சல்லடையில் சலித்தால் அரிசி. கத்தியில் தொடங்கி சல்லடை வரை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன.

இந்தத் தொடர் எங்கே அறுந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யாரும் ராகெமுக்குப் பதிலாக நல்ல கத்தி கண்டுபிடிக்கவில்லை. நெல்தான் மாறியது. மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் ஐ.ஆர்.8 வெளியிட்டது. குட்டை நெல், உரம் போட்டால் சாயாமல் விளையும், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பழுக்கும். 1973-இல் அன்றைய அதிபர் மார்கோஸின் அரசு மசகானா 99 என்ற திட்டம் போட்டு, கடனும் உரமும் கொடுத்து இந்த வகைகளை நாடெங்கும் பரப்பியது. மார்கோஸ் இதோ பக்கத்து சார்ராத்தில் பிறந்தவர். ஒரே நேரத்தில் பழுக்கும் நெல்லைக் கதிர் கதிராகப் பொறுக்க அவசியமில்லை, அரிவாள் போதும். மணி எளிதில் உதிர்வதால் கட்டாகச் சேமிக்க முடியாது, உடனே அடித்தாக வேண்டும். அடித்தால் மூட்டை, மூட்டை என்றால் மில். ராகெம் போனது, பின்னாலேயே சாருசார் போனது, உரல் மூலைக்குப் போனது. விதை ஒன்று மாறியதில் ஒரு வீட்டின் பாதிச் சாமான் காலியாகிவிட்டது.

இதைச் சொன்னபோது மனோங் அவ்வளவாக வருத்தப்படவில்லை. "முன்பு விளைச்சல் குறைவு, பசி அதிகம்" என்றார். நியாயம்தான். உலக்கை பிடித்த கைகள் பெண்களின் கைகள் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். விடியுமுன் எழுந்து குத்தியதைப் பற்றி அபோவிடம் கேட்டேன். ஏக்கமெல்லாம் இல்லை, தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு இந்தப் பசை நெல்லை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்? துபிக்குக்காக. பசை அரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் கலந்து, வாழையிலையில் சுருட்டிக் கரியில் சுடும் பண்டம். கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் ஆகாது. மில் மாவில் செய்தால் சரியாக வருவதில்லை என்று அபோ அடித்துச் சொல்கிறார். அதனால் வேப்பமரம் போல ஒரு மரத்தடியில் கிடந்த உரலுக்கு ஆண்டுக்கு ஒரு பருவம் வேலை. சாகாட் மரத்தில் குடைந்தது, விளிம்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஏர் இப்போது குலிக்லிக், அதாவது கையால் ஓட்டும் சிறு டிராக்டர். மரக் கலப்பை கூரையில் சொருகியிருக்கிறது. ஆனால் பசாகாத் இன்னும் ஓடுகிறது. சக்கரமில்லாத, இரண்டு மரச் சட்டத்தில் வழுக்கிப் போகும் எருமை வண்டி. நெல் மூட்டையை வரப்புச் சேற்றில் சக்கர வண்டியில் ஏற்றினால் அச்சு வரை புதையும். பசாகாத் சேற்றின் மேலேயே நழுவிக்கொண்டு வரும். சேறு இருக்கும்வரை அதற்கு ஓய்வில்லை.

ஞாயிறு, பகார்ரா, லாவோக் சந்தை

காலையில் பகார்ரா போனோம். இந்தப் பகுதியின் பெரிய கருவியை ஒருவர் கையால் தூக்க முடியாது. சாஞ்சேரா என்ற பாசனச் சங்கம். ஆற்றின் குறுக்கே மூங்கில், வாழையிலை, மணல், கல் வைத்து அணை கட்டி வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். வெள்ளத்தில் அணை போய்விடும், சில ஆண்டுகளில் மூன்று நான்கு முறைகூட. போனால் எல்லோரும் புனெங் எனும் வெட்டுக்கத்தியோடு இறங்கி மறுபடி கட்டுவார்கள். தலைவருக்கு மேஸ்த்ரோ என்று பெயர், வேலை நாளில் சமைக்கவும் தனியாக ஆள் வைப்பார்கள். வராதவருக்கு அபராதம்.

இவர்கள் செய்திருக்கும் புத்திசாலித்தனம் நிலப் பங்கீட்டில் இருக்கிறது. நிலத்தை வாய்க்காலின் தலை, நடு, கடை என்று பிரித்து, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துண்டு. அந்தப் பங்குக்கு ஆதார் என்று பெயர். தண்ணீர் குறைந்தால் கடைப் பகுதிக்கு விடமாட்டார்கள், நட்டம் எல்லோருக்கும் ஒரே அளவு. தலைமடைக்காரன், கடைமடைக்காரன் என்ற சண்டைக்கே இடமில்லை. 2009-இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொது வளங்களை மக்கள் தாங்களே நிர்வகிக்க முடியும் என்பதற்கு இந்தச் சங்கங்களையும் சான்றாகக் காட்டியிருக்கிறார். சில இடங்களில் இப்போது சிமெண்ட் அணை வந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் பிய்த்துக்கொண்டு போகாது, நல்லதுதான். ஆனால் பங்கீடும் கூட்டமும் அணை எதனால் கட்டியது என்பதைப் பொறுத்தவை அல்ல, அவை தொடர்கின்றன.

மாலை லாவோக் சந்தை. ராகெம் எங்கேயும் இல்லை. கேட்ட இடத்தில் ஒரு மனாங், "அதை இப்போது யார் வாங்குவார்?" என்று திருப்பிக் கேட்டார். பிகாவும் யகாயாக்கும் லாப்பா கூடையும் குவியலாக இருக்கின்றன, பக்கத்திலேயே நீலப் பிளாஸ்டிக் முறமும். மூங்கில் முறத்தில் புடைக்கும்போது உமி சறுக்கிப் பறக்கிறது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறது என்று விற்பவரே சொன்னார். இரண்டையும் விற்கிறார், அதனால் நம்பலாம். லாரி வில் பட்டையில் அடித்த புனெங் வரிசையாகத் தொங்கியது. ஆசைதான், ஆனால் இவ்வளவு பெரிய கத்தியோடு இரவுப் பேருந்து ஏறினால் நடத்துநருக்கு வியர்க்கும். யகாயாக் ஒன்றும் சிறிய தாலிகான் ஒன்றும் வாங்கினேன். தாலிகானை வைக்கோலில் சுற்றிக் கட்டித் தரும்போது, புது அடுப்பில் முதல் நாள் மெதுவாகத் தீ மூட்டு, இல்லாவிட்டால் விரிசல் விடும் என்று எச்சரித்தார்கள். படங்களை மணிலா போய்ச் சேர்ந்ததும் ஏற்றுகிறேன்.